நொச்சி மறவர் ஒருவர்: கிளாடியோ ரனியேரியின் ஆட்டமும் பயிற்றுவிப்பும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



புறத்திணைகளுள் நொச்சிக்குக் கிடைத்த இடம் சிறிது. மதிலை முற்றுகையிடுவோன் உழிஞை சூடுகிறான். உள்ளிருந்து அம்மதிலைக் காப்போன் நொச்சி சூடுகிறான். தொல்காப்பியர் காப்போனுக்கெனத் தனித் திணை வகுக்கவில்லை. உழிஞைக்குள்ளேயே அவனையும் அடக்கிவிட்டார். பின்வந்த ஐயனாரிதனார்தாம் புறப்பொருள் வெண்பாமாலையில் நொச்சியைத் தனித் திணையாகப் பிரித்து வைத்தார். மோசி சாத்தனார் நொச்சி மரத்தையே முன்னிலையாக்கி விளித்துப் பாடிய புறநானூற்றுப் பாடலை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய பாடல்கள் நமக்கு மிகச் சிலவே கிடைத்துள்ளன. தாக்கியவனைப் பாடுவது எளிது. அவன் செய்தது கண்ணுக்குத் தெரிகிறது. காத்தவன் செய்ததோ, ஒன்று நிகழாமல் தடுத்தது மட்டுமே. நிகழாத ஒன்றைப் புலவன் எங்ஙனம் பாடுவான்?

காற்பந்தாட்டத்திலும் நிலைமை இதுவேதான். கோல் அடித்தவர் பெயரை உலகம் நினைவில் வைக்கிறது. அதைத் தடுத்த பின்கள ஆட்டக்காரரின் பெயர், அவர் தவறு செய்யும் நாளில் மட்டும் செய்தித்தாளில் வருகிறது. இலக்கிய வட்டத்தின் விழாவில் இத்தாலியக் காற்பந்தாட்டக்காரர் ஒருவருக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். பெரும்புகழ் பெறாமல், ஆனால் தொழிலைக் கைவிடாமல், நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஒரே கலையில் ஊன்றி நின்றவரின் வரலாறு கவிதை எழுதுவோருக்கு அயலானதன்று என்பதே அதற்கு விடை. இம்மண்டபத்தில் அமர்ந்திருப்போருள் எத்தனை பேர் முதல் தொகுப்பு வெளிவந்து முப்பதாண்டு கடந்தும் அடுத்த கவிதையைத் திருத்திக்கொண்டிருப்பவர்கள்!

கிளாடியோ ரனியேரி 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் ரோம் நகரில் பிறந்தார். தந்தை இறைச்சிக் கடை நடத்தியவர். சிறுவயதிலிருந்தே ரோமா கழகத்தின்பால் பற்றுக்கொண்டிருந்த அவருக்கு, அக்கழகத்தின் சட்டையையே அணியும் பேறும் வாய்த்தது. ஆயின் அப்பேறு நீடிக்கவில்லை. 1973-74 பருவத்தில் முதல்நிலை லீக்கில் ஆறே ஆட்டங்கள். அத்துடன் பிறந்த ஊர் அவரை அனுப்பிவிட்டது. இத்தாலி நாட்டைக் காலணி வடிவில் வரைந்தால் அதன் பாதப் பகுதியில் அமைந்திருப்பது கலாப்ரியா. அம்மாநிலத்தின் கத்தன்சாரோ என்னும் ஊருக்கு 1974-இல் அவர் சென்றார். எட்டு ஆண்டுகள் அங்கேயே ஆடினார். லீக் ஆட்டங்கள் 225. அடித்த கோல்கள் 8.

இந்த எண்களைச் சற்று நின்று நோக்க வேண்டும். எட்டாண்டுகளில் எட்டு கோல். ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கு. அதே அணியில் மாசிமோ பலாங்கா என்றொரு முன்கள ஆட்டக்காரர் இருந்தார். கார்னர் உதையிலிருந்து வேறு யார் காலும் தலையும் படாமல் நேரே கோலுக்குள் பந்தைச் செலுத்துவதில் பெயர்பெற்றவர். கத்தன்சாரோ மக்கள் பாடியது பலாங்காவைத்தான், அது இயல்பே. பலாங்கா பந்தை உதைக்கும் நிலை வரும்வரை மறுமுனையில் ஆட்டத்தைச் சிதையாமல் வைத்திருந்தவர்களுள் ஒருவர் ரனியேரி.

இத்தாலியிலும் பிற ஐரோப்பிய நாடுகளிலும் கழகங்கள் ஓர் ஏணியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டு முடிவில் மேல்படியின் அடியில் நிற்போர் கீழே இறங்குவர். கீழ்ப்படியின் உச்சியில் நிற்போர் மேலேறுவர். கத்தன்சாரோ 1976-இலும் 1978-இலும் மேலேறியது. பின்னர் ரனியேரி சிசிலித் தீவின் கத்தானியா கழகத்தில் சேர்ந்தார். அது 1983-இல் மேலேறியது. அதன்பின் அதே தீவின் பலெர்மோ. அது 1985-இல் மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறியது. நான்கு ஏற்றங்கள். நாட்டு அணிக்கு அவர் ஒருமுறையும் ஆடியதில்லை. பெரிய கோப்பை எதுவும் ஆட்டக்காரராக அவர் கையில் வந்ததில்லை. 1986-இல் ஆட்டத்தை நிறுத்தினார்.

ஆங்கிலத்தில் இத்தகையவரை 'ஜர்னிமேன்' என்பர். ஊர் ஊராகப் பயணம் செய்பவன் என்று அச்சொல் பொருள்படுவதுபோல் தோன்றும். உண்மையில் அது 'ஒரு நாள்', 'ஒரு நாள் உழைப்பு' என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. தொழிலைப் பழகி முடித்தவன். ஆனால் தனிப் பட்டறை வைத்து ஆசான் என்று பெயர் பெறாதவன். பிறர் பட்டறையில் நாட்கூலிக்கு உழைப்பவன். இச்சொல்லில் இழிவு தொனிப்பதாக நினைப்பவர்கள் தவறுகிறார்கள். பயிலும் சிறுவனை யாரும் ஜர்னிமேன் என்று அழைப்பதில்லை. கைத்தொழில் முற்றுமாகக் கைவந்தவனுக்கு உரிய பெயர் அது.

ரனியேரி கத்தன்சாரோவில் கற்ற பாடங்களுள் முதன்மையானது அவரது பயிற்சியாளர்கள் வழி வந்தது. ஜான்னி டி மார்சியோ அவரைக் கத்தன்சாரோவிலும் பின்னர் கத்தானியாவிலும் மேலேற்றியவர். கார்லோ மட்சோனே 1970-களின் இறுதியில் கத்தன்சாரோவுக்குப் பயிற்சியளித்தார். மட்சோனேயும் ரோம் நகரத்தவர், அவரும் தடுப்பாட்டக்காரர், சிறிய கழகங்களைப் பெரிய லீக்கில் தக்கவைப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர். பெரிய அணிகளின் பயிற்சியாளர்களுக்குத் தேவைப்படாத ஓர் அறிவு இத்தகையோருக்கு உண்டு. அடுத்த ஆண்டுக்கான கனவைப் பற்றியன்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு புள்ளியை எங்ஙனம் பெறுவது என்பதைப் பற்றியது அவ்வறிவு.

பயிற்சியாளராக அவர் தொடங்கியதும் கலாப்ரியாவிலேதான். லமேட்சியா என்னும் ஊரின் சிறு கழகம் முதலில். பிறகு நேப்பிள்ஸ் நகரை ஒட்டிய மற்றொரு சிறு கழகம். 1988-இல் சார்டினியத் தீவின் காலியாரி கழகம் அவரை அழைத்தது. 1970-இல் ஜீஜி ரீவாவின் கோல்களால் இத்தாலியின் வாகை சூடிய கழகம் அது. 1988-இல் அது மூன்றாம் படியில் கிடந்தது. அடுத்தடுத்த ஈராண்டுகளில் இரண்டு படிகள் ஏறி, 1990-இல் முதல்நிலை லீக்கில் நுழைந்தது. அதற்கடுத்த ஆண்டு அங்கேயே தரித்தும் நின்றது. சார்டினிய மக்கள் இதை மறக்கவில்லை என்பது முப்பதாண்டுகள் கழித்துப் புலப்பட்டது. அதை உரிய இடத்தில் காண்போம்.

அடுத்த பத்தாண்டுகளை விரைந்து கடக்கலாம். மரடோனா வெளியேறிய பின் நாப்போலிக்குச் சென்றார். முதலாண்டு நான்காமிடம், மறு ஆண்டு பாதியிலேயே நீக்கம். இரண்டாம் படிக்கு இறங்கியிருந்த ஃபியோரென்டினாவை 1994-இல் மீட்டார். பதிஸ்தூத்தா என்னும் அர்ஜென்டீன வீரரின் ஆற்றலால் 1996-இல் இத்தாலியக் கோப்பையும் வென்றார். ஸ்பெயின் சென்று வாலென்சியாவுக்கு 1999-இல் அரசர் கோப்பையைப் பெற்றுத் தந்தார். அடுத்துச் சென்ற அட்லெட்டிகோ மட்ரிட் கழகமோ நீதிமன்றம் அமர்த்திய நிருவாகியின் பிடியில் இருந்தது. அங்கே பருவத்தின் நடுவில் பதவி விலகினார். கழகம் கீழ்ப்படிக்கு இறங்கியது.

2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டனின் செல்சீ கழகம் அவரை அமர்த்தியது. ஆங்கிலம் அறியாமலேயே அங்குச் சென்றார். ஆட்டத்துக்கு ஆட்டம் அணியை மாற்றிக்கொண்டிருந்ததால் ஆங்கிலச் செய்தித்தாள்கள் அவருக்கு 'டிங்கர்மேன்' என்று பட்டப்பெயர் சூட்டின. டிங்கர் என்றால் ஊர் சுற்றிப் பாத்திரத்தின் ஓட்டையை அடைப்பவன். எதையாவது தட்டிக்கொண்டும் திருத்திக்கொண்டும் இருப்பவன். நம் ஊர்ப் பட்டறைகளிலும் வண்டியின் நசுங்கலைத் தட்டி நிமிர்த்துபவரை 'டிங்கர்' என்றுதானே அழைக்கிறோம்? அவ்வேலையின் அருமை விபத்துக்குள்ளான வண்டியின் உடைமையாளருக்குத் தெரியும். இலண்டன் செய்தியாளர்கள் ஏளனமாகவே அப்பெயரைச் சொன்னார்கள்; ரனியேரி சிரித்துக்கொண்டே அதை ஏற்றுக்கொண்டார்.

2003-இல் உருசியச் செல்வர் ரோமன் அப்ரமோவிச் செல்சீயை விலைக்கு வாங்கினார். அன்றிலிருந்தே ரனியேரியின் இடத்துக்கு வேறொருவரைத் தேடும் பேச்சு எழுந்தது. நாள்தோறும் தம் பதவி பறிபோகும் செய்தியைப் படித்துக்கொண்டே அவர் அந்தப் பருவத்தை நடத்தினார். ஒரு தோல்வியும் காணாத ஆர்செனலுக்கு அடுத்து இரண்டாமிடம்; சாம்பியன்ஸ் லீக்கில் அதே ஆர்செனலை வென்று அரையிறுதி. அந்த அரையிறுதியில்தான் அவர் வழுக்கினார். 2004 ஏப்ரலில் மொனாக்கோவில் நடந்த முதல் ஆட்டம் 1-1 என்றிருந்தபோது எதிரணியில் ஒருவர் வெளியேற்றப்பட்டார். வெற்றி கைக்கெட்டிய தொலைவில் இருந்தது. அப்போது வலப்புறத் தடுப்பாட்டக்காரரை வெளியே அழைத்துவிட்டு ஒரு முன்கள வீரரை இறக்கினார் ரனியேரி. பத்துப் பேருடன் ஆடிய மொனாக்கோ மேலும் இரு கோல்கள் அடித்து 3-1 என வென்றது.

இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. வாழ்நாள் முழுதும் மதிலைக் காத்தவர், மதிலிலிருந்து ஒரு கல்லைத் தாமே பெயர்த்தெடுத்தார். பதவி நழுவுகிறது என்று அறிந்தவன் பெருவெற்றி ஒன்றால் அதைத் தக்கவைக்க முயல்வது மனித இயல்பு; ஆனால் அது நொச்சியின் அறமன்று. மே இறுதியில் செல்சீ அவரை நீக்கியது.

பின்வந்த பத்தாண்டுகளில் வாலென்சியா, பார்மா, யுவென்டஸ், ரோமா, இன்டர் மிலான், மொனாக்கோ என்று கழகங்கள் மாறின. அவற்றுள் ரோமா மட்டும் நின்று பார்க்கத் தக்கது. ஆறு ஆட்டங்களுடன் தம்மை அனுப்பிவிட்ட பிறந்த ஊர்க் கழகத்துக்கு 2009 செப்டம்பரில் பயிற்சியாளராக மீண்டார். 2010 ஏப்ரலில் அதே நகரத்து எதிரியான லாட்சியோவுடன் ஆட்டம். பாதி நேரத்தில் ரோமா 0-1 எனப் பின்தங்கியிருந்தது. ரனியேரி அப்போது செய்த மாற்றத்தை ரோம் நகரத்தார் இன்றும் பேசுவர். டொட்டி, டி ரோஸ்ஸி ஆகிய இருவரையும், நகரத்தின் கண்ணிரண்டு போன்றவர்களை, ஒருசேர வெளியே அமர்த்தினார். தோற்றிருந்தால் அவர் அந்நகரில் நடமாடியிருக்க முடியாது. வூச்சினிச் இரு கோல்கள் அடிக்க, ரோமா 2-1 என வென்றது. அடுத்த வாரமே சம்ப்டோரியாவிடம் சொந்தத் திடலில் 1-2 என்று தோற்றது. பருவ முடிவில் இன்டர் மிலான் 82 புள்ளி, ரோமா 80. டிங்கரின் சுத்தியல் ஒரு வாரம் நிமிர்த்தியதை மறு வாரம் நிமிர்த்தவில்லை.

2014-இல் கிரேக்க நாட்டு அணிக்குப் பொறுப்பேற்றார். நான்கு ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளி. நவம்பர் 14 அன்று, ஏறத்தாழ ஐம்பதாயிரம் மக்கள் மட்டுமே வாழும் ஃபாரோ தீவுகளின் அணியிடம் கிரேக்க மண்ணிலேயே 0-1 எனத் தோற்றார். மறுநாள் வேலை போயிற்று. அறுபத்து மூன்று வயது. இனி இவரை யார் அழைப்பார்கள் என்று எல்லோரும் எண்ணிய காலம் அது.

2015 ஜூலையில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரக் கழகம் அழைத்தது. முந்தைய பருவத்தில் கீழிறங்கும் விளிம்பிலிருந்து தப்பி 14-ஆம் இடத்தில் முடித்த கழகம் அது. அவ்வூரில் பிறந்தவரும் புகழ்பெற்ற முன்கள வீரருமான கேரி லினெக்கர் இந்நியமனத்தை வெளிப்படையாகவே ஐயுற்றார். பந்தயக்காரர்கள் லெஸ்டர் வாகை சூடுவதற்கு ஒன்றுக்கு ஐயாயிரம் என்று விகிதம் வைத்தார்கள். ஒரு பவுண்டு கட்டினால் ஐயாயிரம் பவுண்டு; அதாவது, நடக்கவே நடக்காது என்பதைக் கணக்கு மொழியில் சொன்னார்கள்.

அதன்பின் நடந்தது உலகறிந்தது. 2016 மே 2 அன்று செல்சீயுடன் டாட்டனம் அணி 2-2 எனச் சமன் செய்ய, லெஸ்டர் இங்கிலாந்தின் வாகையாளர் ஆயிற்று. அன்று பகலில் ரனியேரி ரோம் சென்று 96 வயதுத் தாயுடன் உணவருந்திவிட்டுத் திரும்பியிருந்தார். 38 ஆட்டங்களில் 23 வெற்றி, 12 சமன், 3 தோல்வி, 81 புள்ளிகள், இரண்டாமிடத்து ஆர்செனலை விடப் பத்துப் புள்ளி மிகுதி.

இவ்வெற்றியை விபத்து என்போர் உளர். தேவதைக் கதை என்போர் அவரினும் பலர். இரண்டுமே உழைப்பை மறைக்கும் சொற்கள். பருவத்தின் முதல் பாதியில் லெஸ்டர் அணி விட்ட கோல்கள் 25. இரண்டாம் பாதியில் 11. முதற்பாதியில் வார்டியும் மஹ்ரேசும் கோல் மேல் கோல் அடித்து அணியைச் சுமந்தார்கள். வார்டி தொடர்ந்து பதினோரு லீக் ஆட்டங்களில் கோல் அடித்துப் புதிய வரலாறு படைத்தார். அந்த வேகம் தணிந்தபின் அணியைக் கரைசேர்த்தது மதில். மார்ச், ஏப்ரல் மாதங்களில் அடுத்தடுத்து நான்கு ஆட்டங்களை 1-0 என்னும் ஒரே கணக்கில் வென்றது லெஸ்டர். கத்தன்சாரோவில் 225 ஆட்டங்கள் ஆடியவரின் கையெழுத்து அந்த நான்கு ஆட்டங்களில் இருக்கிறது.

அந்த மதிலின் நடுவில் நின்ற இருவரையும் அறிமுகம் செய்ய வேண்டும். வெஸ் மார்கன், அணித்தலைவர். வாழ்வின் பெரும்பகுதியை இரண்டாம் படியில் கழித்தவர். அப்பருவத்தின் ஒவ்வொரு நிமிடமும் ஆடினார். ராபர்ட் ஹூத், செருமானியர். பதின்வயதில் செல்சீயில் அவரை முதன்முதலில் களமிறக்கியவர் ரனியேரியேதான். இருவரும் விரைந்து ஓடக்கூடியவர்கள் அல்லர். அதை அறிந்த ரனியேரி, அணியின் வரிசையை முன்னேறவிடாமல் கோலுக்கு அருகிலேயே நிறுத்தினார். நால்வர் நால்வராக இரு வரிசை, இடையில் நெருக்கம். பந்து எதிரியிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதைப் பறிக்க கான்டே என்னும் சிறிய உருவத்தினர் இருந்தார். பறித்த கணத்தில் ஓட வார்டி இருந்தார். யாரிடம் என்ன இல்லை என்பதைக் கொண்டும் ஓர் அணியைச் சமைக்க முடியும் என்பதை இவ்வமைப்பு காட்டுகிறது.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பருவத்தில் அந்த லீக்கிலேயே தொடக்க அணியை மிகக் குறைவாக மாற்றியவர் இந்த 'டிங்கர்மேன்'தான். பழைய பயிற்சியாளரின் உதவியாளர்களையும் அவர் அகற்றவில்லை. வந்தவுடன் அனைத்தையும் கலைத்துப் போட்டுத் தம் பெயரைப் பொறிக்கும் ஆசை எந்தத் தலைமைக்கும் எழும். அவர் அதை அடக்கிக்கொண்டார். செல்சீயில் தட்டித் தட்டித் திருத்தியவர், லெஸ்டரில் நிமிர்ந்திருந்ததைத் தொடாமல் விட்டார்.

பருவத்தின் முதல் ஒன்பது ஆட்டங்களில் ஒன்றிலேனும் அணி கோல் விடாமல் இருந்ததில்லை. ஓர் ஆட்டத்தில் கோல் விடாமல் இருந்தால் எல்லோருக்கும் பிட்சா வாங்கித் தருவதாக ரனியேரி சொன்னார். பத்தாம் ஆட்டத்தில், 2015 அக்டோபர் 24 அன்று, கிரிஸ்டல் பேலஸ் அணியை 1-0 என வென்றார்கள். சொன்னபடி பிட்சாக் கடைக்கு அழைத்துச் சென்றார். சென்றபின்தான் ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்தது, மாவைப் பிசைந்து பிட்சாவைச் செய்ய வேண்டியவர்கள் தாங்களே என்று. எதையும் உழைத்தே பெற வேண்டும் என்று விளக்கமும் சொன்னாராம். பயிற்சித் திடலில் கவனம் சிதறியவர்களைக் கண்டால் இல்லாத மணி ஒன்றை ஆட்டுவதுபோல் 'டில்லி டிங், டில்லி டாங்' என்பார். நாட்டுப்புறப் பள்ளிக்கூடத்து முதிய ஆசிரியர் ஒருவரின் சாயல் இதில் இல்லையா?

வாகை சூடிய கழகம் ஒன்பது மாதங்களில் அவரை நீக்கியது. கான்டே செல்சீக்குச் சென்றுவிட்டார், அணி தளர்ந்தது, 2017 பிறந்தபின் லீக்கில் ஒரு கோலும் அடிக்கவில்லை. கீழிறங்கும் விளிம்புக்கு ஒரே ஒரு புள்ளி மேலே நின்ற நிலையில், பிப்ரவரி 23 அன்று, சாம்பியன்ஸ் லீக்கில் செவில்லாவுடன் ஆடித் திரும்பிய மறுநாள், வேலை போயிற்று. நன்றி கொன்ற செயல் என்று அன்று பலர் கொதித்தார்கள். கழகத்தின் பக்கத்து நியாயமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. இறங்கினால் இழப்பு பெரிது; அவர் சென்றபின் அணி மீண்டெழுந்து தப்பவும் செய்தது. அந்தப் பருவத்தில் அவர் முந்தைய ஆண்டின் பொறுமையை இழந்து, அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தார் என்பதும் உண்மை. ஆயினும் கணக்கில் சரியாக இருப்பது எல்லாம் அறத்திலும் சரியாகிவிடுவதில்லை. நூற்று முப்பதாண்டுக்கு மேற்பட்ட தன் வரலாற்றில் முதன்முறை உச்சிக்கு ஏற்றியவனுக்கு, அந்தக் கழகம் மூன்று மாதம் பொறுத்திருக்கலாம். இறங்கியே போயிருந்தாலும் அவரோடு இறங்குவது அந்த ஊருக்கு இழுக்காக இருந்திராது. கீழிறங்கிய கழகங்கள் மீண்டும் ஏறுவதைத் தம் வாழ்நாளில் பலமுறை கண்டவர் அவர்.

நான்த், ஃபுல்ஹம், ரோமாவில் சில மாதங்கள், சம்ப்டோரியா, வாட்ஃபோர்டு எனப் பயணம் தொடர்ந்தது. சம்ப்டோரியாவை 2019-இல் பட்டியலின் அடியிலிருந்து தூக்கிக் காத்தது தவிர, அவற்றில் சொல்லத்தக்கது மிகுதியில்லை. 2022 டிசம்பரில் காலியாரியிலிருந்து அழைப்பு வந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் தூக்கி நிறுத்திய அதே கழகம். அப்போது இரண்டாம் படியில் பதினான்காம் இடத்தில் கிடந்தது. எழுபத்தோர் வயதுக்காரர் ஒப்புக்கொண்டார்.

அந்தப் பருவத்தை ஐந்தாமிடத்தில் முடித்து, மேலேறும் கடைசி இடத்துக்கான தொடர் ஆட்டங்களுக்குக் காலியாரி தகுதி பெற்றது. இறுதியில் எதிர்ப்பட்டது பாரி. முதல் ஆட்டம் காலியாரியில் 1-1. இரண்டாம் ஆட்டம் 2023 ஜூன் 11 அன்று பாரி நகரில். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் திரண்டிருந்தனர். லீக் பட்டியலில் மேலிடம் பெற்றிருந்த பாரிக்குச் சமன் செய்தாலே போதும். 90 நிமிடம் முடிந்தும் 0-0. நகரம் கொண்டாட்டத்துக்கு அணியமாயிற்று. 94-ஆம் நிமிடத்தில் மாற்றாட்டக்காரராக இறங்கியிருந்த பவொலெட்டி கோல் அடித்தார். காலியாரி மேலேறியது.

ரனியேரி அழுதார். பிறகு, கடல் கடந்து வந்திருந்த தம் கழகத்தின் ஆதரவாளர்கள் நின்ற பகுதியை நோக்கி நடந்தார். அவர்கள் தோற்ற பாரி மக்களை எள்ளத் தொடங்கியிருந்தார்கள். வென்ற பயிற்சியாளர் கையை உயர்த்தி அதை நிறுத்தினார். எள்ள வேண்டாம், பாரிக்குக் கைதட்டுங்கள் என்று சைகையால் பணித்தார். அவர்கள் கைதட்டினார்கள்.

கவிஞர்கள் லெஸ்டரைப் பாடுவார்கள், பாடட்டும். வாகைப் பாட்டுக்கு வேண்டியதெல்லாம் அங்கே உண்டு. இந்தப் பாரி நிகழ்ச்சியோ எந்தத் துறையில் அடங்கும் என்று தெரியவில்லை. வென்றவன் தோற்றவனைச் சிறப்பிப்பதற்கு நம் மரபில் முன்மாதிரிகள் உண்டு. ஆனால் வென்ற களிப்பில் இருக்கும் தன் மக்களையே தடுத்து நிறுத்துவது? தடுப்பாட்டக்காரர் என்பவர் எதிரியைத்தான் தடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? பட்டியலின் எல்லாப் படிகளிலும் நின்றவருக்கு, மேல்படிக்கு ஒரு நிமிடத் தொலைவில் வீழ்வதன் வலி தெரிந்திருந்தது. 2010-இல் இரண்டு புள்ளியில் இழந்ததும், 2004-இல் மொனாக்கோவில் இழந்ததும் அந்தக் கையை உயர்த்தின என்று கருதுவதில் பிழையில்லை.

அடுத்த பருவத்தில் காலியாரியை முதல்நிலை லீக்கில் தக்கவைத்தார். அதுவும் எளிதாக வாய்க்கவில்லை. 2023 அக்டோபரில் ஃப்ரோசினோனே அணியிடம் 0-3 எனப் பின்தங்கி, இறுதி நிமிடங்களில் மீண்டு 4-3 என வென்ற ஆட்டம் ஒன்று. அங்கும் இறுதி இரு கோல்கள் பவொலெட்டியுடையவை. 2024 பிப்ரவரியில் தோல்விகள் குவிந்தபோது, தாமே விலகிக்கொள்வதாக உடைமாற்றும் அறையில் ஆட்டக்காரர்களிடம் சொன்னார்; அவர்கள் ஏற்க மறுத்தார்கள். இதைப் பின்னர் அவரே வெளியிட்டார். லெஸ்டரில் கிடைக்காத ஒன்று காலியாரியில் கிடைத்தது. மே மாதம் கழகம் தப்பியது உறுதியானபின் ஓய்வு அறிவித்தார்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2024 நவம்பரில் ரோமா மூன்றாம் முறையாக அழைத்தது. பன்னிரண்டு ஆட்டங்களில் 13 புள்ளி; பன்னிரண்டாம் இடம்; ஒரே பருவத்தில் இரு பயிற்சியாளர்களை இழந்த அணி. மறுக்க முடியாத அழைப்பு அது. பத்தொன்பது லீக் ஆட்டங்களைத் தொடர்ந்து தோல்வியின்றிக் கடந்து, 69 புள்ளிகளுடன் ஐந்தாமிடத்தில் முடித்தார். நான்காமிடத்து யுவென்டஸ் பெற்றவை 70. இங்கும் ஒரு புள்ளி. 2025 மே 18 அன்று ரோம் நகரத்துத் திடலில் மிலான் அணியை 3-1 என வென்றதே பிறந்த ஊர் மக்கள் முன் அவர் நடத்திய கடைசி ஆட்டம். ஆறு ஆட்டங்களுடன் தம்மை அனுப்பிய கழகத்தின் மக்கள் அன்று எழுந்து நின்று வழியனுப்பினார்கள்.

ஜூன் மாதம் இத்தாலிய நாட்டு அணியின் பயிற்சியாளர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. ஆட்டக்காரராக ஒருமுறையும் அணியாத நீலச் சட்டை அது. நன்றி கூறி மறுத்தார். ரோமாவில் ஆலோசகராக இருக்க ஏற்கெனவே வாக்களித்திருந்தார். அப்போது அவருக்கு வயது 73.